பூஜைத் தட்டில் இருந்த கிளைடர்

நான் எழுதுகிற ஆள் இல்லை. கோயம்புத்தூரில் படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருக்கிறேன். ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் பில்லும், சட்டத்தின் பின்புறம் ஒட்டும் சீட்டும்தான். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கவே எனக்குக் கூச்சம். அப்படிப்பட்டவன் பினாங்கு போய்வந்ததை எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம் என்று தெரியும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். கடற்கரையையும் கோயில்களையும் பற்றி அறிய விரும்புகிறவர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை. நான் போனது ஒரு முழ நீளம்கூட இல்லாத ஒரு பொம்மையைப் பார்க்க.

அது என்ன பொம்மை என்று முதலில் சொல்லிவிடுகிறேன். காகிதக் குழாயில் செய்த சின்ன ராக்கெட். அதன் முதுகில் ஒரு கிளைடர், அதாவது எஞ்சின் இல்லாமல் மிதந்து இறங்கும் விமானம், தொற்றிக்கொண்டிருக்கும். தக்கை போல எடையே இல்லாத பால்சா மரத்தில் செய்தது. மருந்து எரிந்து ராக்கெட் உச்சிக்குப் போனதும் உள்ளே சின்னதாக ஒரு வெடிப்பு. அந்த உதறலில் கிளைடர் கழன்று பிரியும். ராக்கெட் ஒரு குட்டிப் பாராசூட்டில் இறங்கும். கிளைடர் வட்டமடித்துக்கொண்டு மெதுவாக வரும். அறுபதுகளில் இவற்றை அமெரிக்காவில் பெட்டியில் போட்டு விற்றிருக்கிறார்கள். அந்தப் பழையவற்றைத் தேடிச் சேர்ப்பதும், கிடைக்காததை அளவெடுத்துத் திரும்பச் செய்வதும் என் பொழுதுபோக்கு. என் மனைவி இதற்கு வைத்திருக்கும் பெயர் 'சீக்கு'.

சீக்கு வந்தது ஒரு மில் பங்களாவைக் காலி செய்தபோது. பழைய சட்டங்களோடு ஒரு அட்டைப்பெட்டியும் என்னிடம் வந்தது. உள்ளே ராக்கெட் இருந்தது, கிளைடர் இல்லை. அதை மாட்டும் கொக்கி மட்டும் முதுகில் நீட்டிக்கொண்டிருந்தது. மூடியில் இருந்த படத்தில் பாதியைக் கறையான் தின்றிருந்தது. மீதிப் பாதியை வைத்துப் பல வருஷமாக ஏழெட்டுக் கிளைடர்கள் செய்தேன். சிவகாசியில் தெரிந்த ஒருவர் அந்த அளவுக்கு மருந்துக்குழல் செய்து கொடுத்தார். ஊருக்கு வெளியே வற்றிப்போன குளத்தில் விட்டுப் பார்ப்பேன். ராக்கெட் ஒவ்வொரு தடவையும் ஒழுங்காக மேலே போகும். கிளைடர் ஒவ்வொரு தடவையும் கழன்று, தலையைத் தூக்கி, தயங்கி, வாலை அடித்துக்கொண்டு விழும். அது மிதந்து இறங்குவதை ஒரு முறையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆசை என்று சும்மா சொல்கிறேன். தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்துகொள்ளும் அளவுக்கு இருந்தது.

ஒரு நாள் பக்கத்துத் தெரு சரசக்கா சட்டம் போட ஒரு போட்டோ கொண்டுவந்தார். அவர் பினாங்கிலிருந்து கல்யாணமாகி எங்கள் ஊருக்கு வந்தவர். அங்கே இருக்கும் அவருடைய அண்ணன் வீட்டில் ஆயுத பூஜை அன்று எடுத்த படம். அண்ணனும் அண்ணியும் நிற்கிறார்கள். பக்கத்தில் தட்டில் ஸ்பேனர், சுத்தியல், சாவிக்கொத்து, எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். அவற்றின் நடுவே, மூக்கில் பெரிய பொட்டோடு, என் கிளைடர். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். வாலின் அந்த வளைவு எனக்குத் தெரியாததா? குனிந்த அவசரத்தில் முழங்கை பட்டு, மேஜையில் வெட்டி வைத்திருந்த கண்ணாடியின் ஓரம் உடைந்தது.

சரசக்கா எழுதிக் கேட்டார். வந்து பார்த்துவிட்டுப் போகட்டும் என்று பதில் வந்தது. போனேன்.

அழைத்துப்போக சரசக்காவின் அண்ணன் கோவிந்தன் விமான நிலையத்துக்கு வந்திருந்தார். துறைமுகத்தில் சரக்குப் பெட்டிகளை அடுக்கும் போர்க்லிப்ட் வண்டி ஓட்டுகிறவர். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர், நல்ல உயரம், வாய் ஓயாது, அந்த ஊர் வழக்கப்படி பேச்சுக்குப் பேச்சு ஒரு 'லா'.

"விமானம் பாக்கறதுக்குன்னே விமானம் ஏறி வந்த ஆளு நீங்கதான் லா தம்பி," என்று தோளில் ஒரு அடி போட்டார். "எங்க ஆளுங்க கிட்ட சொன்னேன், ஒருத்தனும் நம்பல. பொண்ணு பாக்க வர்றாருன்னு சொல்லிருக்கலாம்."

"கல்யாணம் ஆயிருச்சுங்கண்ணா," என்றேன் நான். அவர் வழி முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அவர்கள் இருக்கும் ஆயர் ஈத்தாம் பகுதிக்குப் போகும் வழியில் ஒரு காப்பிக்கடையில் நிறுத்தினார். டீயை ஒரு குவளையிலிருந்து இன்னொன்றுக்கு ஒரு கை நீளத்துக்கு இழுத்து ஆற்றுகிறார்கள். தே தாரிக் என்று பெயர். நம் ஊர் ஆற்றல்தான், ஆனால் பால் திக்காகவும் இனிப்பாகவும் நாக்கில் ஒட்டுகிறது. பழக்கத்தில் நான் ஊதி ஊதிக் குடித்தேன். பக்கத்து மேஜைச் சீனர் கடைக்காரரிடம் மலாயில் ஏதோ சொல்ல, இருவரும் என்னைப் பார்த்தார்கள். என்ன சொன்னார் என்று அண்ணனைக் கேட்டேன். "நீ இவ்ளோ நேரம் ஆத்துனது பத்தலையாம், அவரு மறுபடியும் ஆத்துறாரு பாருங்கறான்." அதற்குப் பிறகு அங்கே இருந்த நாள் வரை நான் எதையும் ஊதவில்லை. நாக்கு வெந்தாலும் வெந்தது என்று குடித்தேன்.

அவர்கள் வீடு ஓர் அடுக்குமாடியில். நீளமான நடைபாதை, வரிசையாகக் கதவுகள், கம்பிகளில் துணிகள். நடைபாதையில் நின்றால் கீழே பந்து விளையாடும் புல்வெளி, எதிரே மலை. மலையின் தலை எப்போதும் மேகத்துக்குள்ளேயே இருந்தது. எங்கள் ஊரிலும் மலை தெரியும், ஆனால் இவ்வளவு பக்கத்தில் வந்து நிற்காது.

அண்ணி அஞ்சலை ஐம்பதைத் தாண்டியவர், ஒல்லி, பேச்சில் அளவு, அந்த ஊர்ப் பெண்கள் போலக் கைலி கட்டியிருந்தார். நான் செருப்பைக் கழற்றும்போதே கேட்டார்.

"எடுத்துட்டுப் போவ வந்தீங்களா?"

"இல்லீங்கக்கா. அளவு மட்டும் எடுத்துக்கறனுங்க."

"அளவு எடுத்தா போதுமா?"

"போதுமுங்க."

"அப்ப ஒக்காந்து சாப்டுங்க."

சாப்பிட்ட பிறகு விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு, சாமி அலமாரியின் மேல்தட்டிலிருந்து அதை இரண்டு கையாலும் இறக்கினார். "தொடைக்கக் கூடாது. பூஜைல வச்ச சந்தனம் வச்சபடியே இருக்கணும். வருஷா வருஷம் அதும் மேலேயேதான் வைப்பேன்."

மூக்கில் சந்தனமும் குங்குமமும் அடுக்கடுக்காகக் காய்ந்து ஒரு கட்டியாக இருந்தது. மற்றபடி சிறகு, வால், ஒட்டிய இடம், எதுவும் கெடவில்லை.

இங்கே என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். காலமானவர்களின் படங்கள் பழைய சட்டத்தோடு என்னிடம் வரும். கண்ணாடியில், நெற்றி இருக்கும் இடத்தில், பல வருஷத்துப் பொட்டு தடித்துப் போயிருக்கும். பிளேடால் சுரண்டி, ஈரத் துணியால் துடைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவேன். ராக்கெட் விஷயத்திலும் என் பழக்கம் அதுதான். யாரோ பூசிய பெயிண்ட், யாரோ ஒட்டிய காகிதம், எல்லாவற்றையும் நீக்கிப் பெட்டியிலிருந்து வந்தபோது எப்படி இருந்ததோ அதைப் பிடிக்க வேண்டும். அஞ்சலையக்காவின் சந்தனத்தைத் துடைக்க முடியாது. சரி, மனசுக்குள் துடைத்துக்கொள்வோம் என்று முடிவு செய்தேன்.

காகிதத்தில் வைத்து வரைந்தேன். இரண்டு விரல் நுனிகளில் சிறகைத் தாங்கி, எந்த இடத்தில் சாயாமல் நிற்கிறது என்று பார்த்தேன். நான் நினைத்ததைவிட மூக்குப் பக்கமாக நின்றது. சந்தனத்தின் எடை இழுக்கிறது என்று கழித்து, என் குறியைக் கொஞ்சம் பின்னால் போட்டுக்கொண்டேன்.

இது எப்படி இந்த வீட்டுக்கு வந்தது என்று கேட்கத் தைரியம் வரவில்லை. அண்ணன்தான் சொன்னார். எதிர்க்கரையில் பட்டர்வொர்த் விமான தளத்தில் இருந்த ஆஸ்திரேலியக்காரர்களின் குடும்பங்கள் பல முன்பு பினாங்குத் தீவில் கடலோரமாகக் குடியிருந்தன. அதில் ஒரு வீட்டில் அக்கா வேலை பார்த்திருக்கிறார். அந்த வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமைகளில் மணலில் ராக்கெட் விடுவார்.

"ராக்கெட்டு எங்க விழுந்தாலும் அந்த மிஸ்டருக்குக் கவல இல்ல," என்றார் அக்கா, பாத்திரம் கழுவிக்கொண்டே. "இதுக்குத்தான் பயம். கடல்ல போயிரும்னு. நான்தான் ஓடிப் போயி புடிப்பேன். கீழ விழ விடமாட்டேன். சத்தமே இருக்காது தம்பி. பருந்து சுத்துற மாதிரி சுத்திச் சுத்தி வரும்."

தன் ஊருக்குக் கிளம்பும்போது அந்த மிஸ்டர் பெட்டி கட்டி எல்லாவற்றையும் எடுத்துப் போனார். இதை மட்டும் அக்காவிடம் கொடுத்தாராம்.

"சாமி தட்டுல எதுக்குன்னு நான் கேட்டேன்," என்றார் அண்ணன். "வண்டி வாகனத்துக்கு எல்லாம் வைக்கிறோம், இது மட்டும் என்ன மாற்றாந்தாய் புள்ளையான்னா. என் போர்க்லிப்ட்டுக்கு முன்னாடி இதுக்குத்தான் மொதப் பொட்டு."

அன்று இரவு நான் சரியாகத் தூங்கவில்லை. பல வருஷமாக நான் தேடிய காட்சியை, மாவு அரைத்த கதை சொல்வது போல ஒருவர் சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

கடலுக்கு இந்தப் பக்கம் இருக்கும்போதே ஒன்றைச் செய்து முடித்துவிட வேண்டும், அசல் பக்கத்தில் இருக்கும்போதுதான் தவறு தெரியும் என்று தோன்றியது. மறுநாள் பஸ் பிடித்து ஜார்ஜ் டவுன் போனேன். விளையாட்டுச் சாமான் கடை ஒன்றில் பால்சா பலகை கிடைத்தது. கோயம்புத்தூரில் நான் துண்டு துண்டாகப் பொறுக்கிய மரம், இங்கே வெண்ணெய் நிறத்தில் முழுப் பலகையாக. இரண்டு வாங்கினேன்.

பஸ் நிலையத்துக்குத் திரும்பும் வழி குழம்பிவிட்டது. ஒரு கிழச் சீனர் தன் திரிஷாவைக் காட்டினார். நம் ஊர் ரிக்‌ஷாவில் ஓட்டுகிறவர் முன்னால் இருப்பார். இங்கே பயணியை முன்னால் உட்காரவைத்துப் பின்னாலிருந்து மிதிக்கிறார்கள். லாரி வந்தாலும் பஸ் வந்தாலும் முதலில் வரவேற்பது நாம்தான். நான் பயத்தில் பலகைகளை நெஞ்சுக்கு முன்னால் கேடயம் மாதிரிப் பிடித்துக்கொண்டேன். ஒரு திருப்பத்தில் கடல் காற்று மொத்தமாக அடித்தது. ஒரு பலகை கையிலிருந்து பிய்த்துக்கொண்டு பறந்தது. உண்மையிலேயே பறந்தது. அழகாக ஒரு அரை வட்டம் போட்டு, எதிரே வந்த பஸ்ஸின் சக்கரத்துக்கடியில் இறங்கியது.

கிழவர் நிறுத்தி, இறங்கிப் போய், இரண்டு துண்டுகளையும் எடுத்துவந்து தந்தார். கைச்சாடையும் அரைகுறைத் தமிழுமாக அவர் சொன்னதன் பொருள் இது: "மரம் நல்ல மரம். ஆள்தான் சரியில்லை." நான் தலையாட்டினேன். மறுக்க என்ன இருக்கிறது?

மீதி ஒரு பலகை. ஒரு கிளைடருக்கு மட்டும் போதும். தவறினால் இன்னொன்று செய்ய மரம் இல்லை.

அடுத்த நாள் முழுக்க நடைபாதையில் பாய் விரித்து வேலை செய்தேன். அண்ணன் வேலைக்குப் போய்விட்டார். அக்கா மார்க்கெட்டிலிருந்து லக்சா வாங்கிவந்தார். மீன் போட்டு நன்றாகக் கொதித்த புளிக்குழம்பில் தடித்த அரிசிச் சேமியா, மேலே அன்னாசி, வெள்ளரி, புதினா. சேமியாவைப் பாயசத்தில் மட்டும் பார்த்தவனுக்கு முதல் வாய் அதிர்ச்சியாக இருந்தது. மூன்றாவது வாயில் பழகிவிட்டது. கிண்ணத்தின் அடியில் வந்தபோது இன்னும் கொஞ்சம் இருக்கக் கூடாதா என்று இருந்தது. கேட்கக் கூச்சம்.

அக்கா வாசலில் உட்கார்ந்து நான் இழைப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பேசவில்லை. அவரும் பேசவில்லை. இரண்டு ஊமைகள் மாதிரி ஒரு நாள் போனது. மாலையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். வயதையும் பொட்டையும் தவிர ஒரு வித்தியாசமும் இல்லை.

பசை காய்ந்த பிறகு, அடுத்த நாள் மாலை, அண்ணனோடு கீழே புல்வெளிக்குப் போனேன். பந்து விளையாடுகிறவர்கள் ஆட்டத்தை நிறுத்தி வேடிக்கை பார்க்க வந்தார்கள். என் காது சூடாகிவிட்டது. கையால் மெதுவாக முன்னே விட்டேன்.

தலையைத் தூக்கியது. தயங்கியது. வாலை அடித்துக்கொண்டு விழுந்தது.

மறுபடி விட்டேன். அதேதான். சிறகின் சாய்மானத்தைப் பார்த்தேன், வாலைப் பார்த்தேன், எல்லாம் அசலின் அளவு. ஐந்தாறு தடவை விட்டும் வற்றிய குளத்தில் பார்த்த அதே விழுகை.

"அங்கிள், தலைவலி மாத்திரை கொடுங்க அதுக்கு," என்றான் ஒருவன். மலாய்க்காரர் ஒருவர் ஏதோ சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். நான் அண்ணனைப் பார்த்தேன்.

"வேணாம் லா தம்பி, அதையும் சொல்லணுமா," என்றார். பிறகு மனசு கேட்காமல் சொன்னார்: "கோழி கூட இதவிட நல்லாப் பறக்கும்னான்."

மேலே வந்து பெட்டியை அடுக்கத் தொடங்கினேன். ஒரு நாள் மீதி இருந்தது. ஆனால் மரம் இல்லை, யோசனையும் இல்லை. வரைந்த காகிதத்தை மடிக்கும்போது கண் கலங்கிவிட்டது. நாற்பத்தைந்து வயதுக்கு மேல் ஒருவன் பொம்மைக்காக அழுவதை யாரும் பார்க்கக் கூடாதே என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அக்கா பார்த்துவிட்டார் என்று நினைக்கிறேன். சந்தனக் கிண்ணத்தோடு வந்தார்.

"பூஜை போடாம வண்டிய எடுத்தா இப்படித்தான். உங்கூர்ல புது வண்டி வாங்குனா பொட்டு வைக்க மாட்டீங்களா?"

"வைப்பமுங்க."

"அப்பறம்? கொண்டாங்க." புதியதை மடியில் வைத்து மூக்கைத் தடவிப் பார்த்தார். மறுபடி தடவினார். "இதுல ஓட்டை எங்க?"

"என்ன ஓட்டைங்க?"

"மூக்குல ஓட்டை இருக்கும்ல? எங்களுதுல இருக்கே. மிஸ்டரு அதுல களிமண்ணு மாதிரி ஒண்ணு அடைச்சிருந்தாரு. ஒரு வருசத்துல காஞ்சி விழுந்திருச்சி. பொட்டு வச்சா உள்ள போயிரும், நிக்காது. அதான் ரொப்பி ரொப்பி வச்சேன்."

அந்தக் கட்டி மேலே பூசியதில்லை, உள்ளே இருப்பது. மூக்கின் கனத்துக்காக முதலில் செய்தவர் அடைத்த மண் போன இடத்தில், வருஷா வருஷம் அக்காவின் சந்தனம் போய் உட்கார்ந்திருக்கிறது. நான் அழுக்கு என்று கழித்த எடைதான் அதைப் பறக்கவைக்கும் எடை. முதல் நாளே அது என்ன என்று வாய் திறந்து கேட்டிருந்தால் அக்கா அப்போதே சொல்லியிருப்பார்.

"தொடச்சிருந்தா தெரிஞ்சிருக்குமுங்க," என்றேன்.

"தொடச்சிருந்தா அதும் விழுந்திருக்கும்," என்றார் அக்கா.

பேனாக்கத்தியால் புதியதன் மூக்கில் குழி தோண்டினேன். அக்கா சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து விரலால் அழுத்தினார். மேலே குங்குமம். இரவு முழுக்க அது சாமி அலமாரியில் பழையதன் பக்கத்தில் காய்ந்தது.

காலையில் வெயில் ஏறுவதற்குள் நடைபாதையிலேயே விட்டுப் பார்த்தேன். இந்தத் தடவை மூக்குக் குத்தி விழுந்தது. பொட்டு அதிகம். எனக்கு இது நல்ல செய்தி. அக்கா நகத்தால் கொஞ்சம் சுரண்டினார். விட்டேன். இன்னும் கொஞ்சம் சுரண்டினார். விட்டேன். நடைபாதையின் நீளத்துக்கு, காயப்போட்ட கைலிகளுக்கு அடியில், தரைக்கு ஒரு சாண் மேலே, நேராகப் போய் அடுத்த வீட்டு வாசலில் உட்கார்ந்தது.

"அலாமா!" என்றார் அண்ணன். அன்று அவருக்கு விடுமுறை. "தம்பி, மேல் மாடிக்குப் போலாம் லா. அங்கேருந்து விட்டாத்தான் ராக்கெட்டு மாதிரி."

அக்கா லிப்டில் கீழே போய்விட்டார். நாங்கள் இரண்டு மாடி ஏறினோம். எட்டிப் பார்த்தால் அக்கா புல்வெளி நடுவில் நிற்கிறார். பந்து விளையாட வந்தவர்களைக் கையை வீசி விரட்டிக்கொண்டிருந்தார். "ஓரமாப் போங்கடா! மிதிச்சீங்கன்னா தெரியும்!"

என் கையில் இருந்தது அத்தனை வருஷம். விட்டேன்.

முதலில் கொஞ்சம் தாழ்ந்தது. பிறகு காற்றை மிதித்து நிமிர்ந்து இடது பக்கமாகச் சாய்ந்து வட்டமடிக்கத் தொடங்கியது. மலையின் கருநீலத்துக்கு முன்னால் வெண்ணெய் நிறச் சிறகு. மூக்கில் சிவப்பாக ஒரு புள்ளி. சத்தமே இல்லை. ஒரு சுற்று, இன்னொரு சுற்று. கீழே அக்கா தலையை நிமிர்த்தியபடி அதன் நிழலோடு சேர்ந்து நகர்ந்தார். கார் நிறுத்தும் பக்கம் அது திரும்பியதும் கைலியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். நான் இதுவரை பார்த்த எந்தப் பெண்ணும் அந்த வயதில் அப்படி ஓடியதில்லை. கார்களுக்கு முன்னால் இரண்டு கையையும் ஏந்தி, கீழே விழ விடாமல் பிடித்தார்.

நான் கத்திவிட்டேன். என்ன கத்தினேன் என்று ஞாபகம் இல்லை. எல்லா மாடியிலும் கதவு திறந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். அண்ணன் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "விழுந்திராதீங்க லா, உங்கள யாரு புடிக்கிறது?" என்றார்.

அக்கா மேலே வந்தபோது மூச்சு வாங்கியது. அதை உடனே என்னிடம் தரவில்லை. கொஞ்ச நேரம் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார். பழையதை விட்டுப் பார்க்கலாமா என்று அண்ணன் கேட்டதற்கு, "அது ஒக்காந்திருக்கட்டும்," என்றார்.

மறுநாள் விமான நிலையத்தில் பெட்டியைச் சோதித்தவர் கிளைடரை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். மூக்கைத் தொட்டார். விரலை முகர்ந்தார். பெட்டியை மூடச் சொன்னார்.